ஓரகத்தி கட்டிய இலைகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் நல்லவளாகத் தெரிகிற இடங்கள் ஒன்றிரண்டு வரும். அங்கே நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பியின் மனைவி, இலைகள் காற்றில் ஆடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பத்து நிமிடம் பேசியிருப்பாள். எல்லோருக்கும் கை காய்ந்துவிட்டது. என் கணவர், பதினாறு வருடத்தில் நான் எழுதிய ஒரு கதையையும் கடைசி வரிவரை வாசிக்காத மனிதர், வாயில் போட்டதை மெல்ல மறந்து "அப்புறம்?" என்று கேட்டார்.

அந்த "அப்புறம்?" எனக்கு வரவேண்டியது. கதை எழுதுகிறவர்கள் முதுகொடிய உட்கார்ந்திருப்பதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அதை என் வீட்டில், என் கண்ணெதிரே, ஃபேன் ரிப்பேர் செய்கிற ஒருத்தி அள்ளிக்கொண்டு போனாள். கை கழுவும் சாக்கில் எழுந்து உள்ளே போய், கையில் கிடைத்த காகிதத்தில் எழுதிவைத்தேன்: "ஆடுகிற இலையைப் புழுவால் நிம்மதியாகத் தின்ன முடியாது. இதைத் திருடு."

திருடினேன். திருட்டுப் பொருள்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. சொந்தக்காரிக்கு விஷயம் தெரியும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

முதல் தொடக்கம்: "காற்று வீசியது. இலைகள் சலசலத்தன. அப்போது" [விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகளை அச்சகத்தில் வாரத்துக்கு நான்கு பார்க்கிறேன். எனக்கே கொட்டாவி வருகிறது.]

இரண்டாவது: "மரத்துக்குக் கால் கிடையாது. கடிக்க வருகிறவனிடமிருந்து ஓட முடியாது. ஆனால் நின்ற இடத்திலேயே" [நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையை விட்டுவிட்டுப் பாடப்புத்தகத்துக்குப் போகிறது.]

மூன்றாவது: "அவள் மிகச் சாதாரணமான ஒரு பெண்" [பொய்.]

நான்காவதுதான் நீங்கள் வாசித்தது. பொறாமையை ஒப்புக்கொண்டதும் கை தானாக ஓடியது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், அதிகம் பேர் இல்லை. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். கீழ்வீட்டில் நானும் என் கணவரும். மாடியில் அவரது தம்பியும் ஓரகத்தியும். அவர்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. ஊருக்கு வெளியே சாலையோர நிழல்மரக் கன்றுகளை வளர்த்து விற்கும் பெரிய பண்ணை ஒன்று இருக்கிறது. ஒளி ஊடுருவும் கூரை போட்ட ஆறு நீளமான குடில்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாகத் தொங்கும் ஃபேன்கள். ஃபேன்களை ஓடவைப்பது ஓரகத்தியின் வேலை. கன்றுகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பது கொழுந்தனின் வேலை. இருவருக்கும் மேலே ஒரு சூப்பர்வைசர். எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார், எதையும் செய்யமாட்டார். அதனால் அவருக்குப் பெயரே சரிசரி.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே போட்டுவிடுகிறேன்: ஓர் அகத்தில், ஒரே வீட்டில் வாழ வந்தவள்தான் ஓரகத்தி. எங்கள் வீட்டில் நான் அதை வெகுநாள் 'ஓரக் கத்தி' என்றுதான் பிரித்து வைத்திருந்தேன். பிழை திருத்துபவள் தெரிந்தே செய்த பிழை. அவள் வந்த புதிதில் சட்டைப் பையில் ஸ்குரூடிரைவரோடு அடுப்படிக்குள் வந்தாள். சத்தமாகச் சிரித்தாள். நான் பாதி பேசும்போதே புரிந்துகொண்டு மீதியைச் சொல்லிவிட்டாள். இவற்றையெல்லாம் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கதையில் போட்டு, அது ஒரு பத்திரிகையிலும் வந்துவிட்டது. பெயரை மாற்றியிருந்தேன். ஸ்குரூடிரைவரை மாற்றவில்லை. அவள் அதை வாசித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.)

3

இனி, அவள் கண்டுபிடித்தது.

நான்காம் குடிலில் ஒரு ஃபேன் நின்றுபோனது. உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. புதிது வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் அவள் அந்த வழியாகத்தான் மற்ற ஃபேன்களைப் பார்க்கப் போனாள். ஐந்தாம் நாள் நின்றுவிட்டாள். நின்றுபோன ஃபேனுக்குக் கீழே இருந்த கன்றுகளில் இலையெல்லாம் சல்லடை. அடுத்த ஃபேனுக்குக் கீழே, நான்கு அடி தள்ளி, அதே கன்று, அதே மண், அதே தண்ணீர்: அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கடி.

அந்த மரத்து இலைக்கு நீண்டு மெலிந்த காம்பு. உள்ளங்கை அகல இலையை ஒரு நூலில் தொங்கவிட்டது போல இருக்கும். பக்கத்தில் மூச்சு விட்டாலே தலையாட்டும். ஃபேன் ஓடும்போது ஒரு குடில் முழுக்க ஆயிரக்கணக்கான இலைகள் ஒரேயடியாக "வேண்டாம், வேண்டாம்" என்கிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

அவள் ஒரு கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பச்சைப் புழு. அரை அங்குலம் இருக்கும். தின்பதற்காகத் தலையைத் தூக்கும். காற்று வரும். இலை ஆடும். புழு தலையைக் கீழே வைத்து, இருக்கிற காலையெல்லாம் ஊன்றி ஒட்டிக்கொள்ளும். மறுபடி தலையைத் தூக்கும். மறுபடி ஆட்டம். கொஞ்ச நேரத்தில் அது உதறப்பட்டு விழுந்தது. தன் வாயிலிருந்து வந்த இழையிலேயே தொங்கிப் பிறகு மண்ணுக்குப் போனது. அங்கே எறும்புகள் காத்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது இதை அவள் சொன்ன விதம்: "ஓடுற பஸ்ல ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு, தட்டுல சோறு போட்டுச் சாப்பிட்டுப் பாருங்க மாமா. பசி இருக்கும். சோறு இருக்கும். வாய்க்குப் போகாது."

(மாமா என்பது என் கணவர். "அப்புறம்?" என்று கேட்ட ஆள்.)

"அப்புறம் என்ன, மருந்தடிக்கிற அன்னைக்கு நாங்க என்ன செய்றோம்? புகை கலைஞ்சிடக் கூடாதுன்னு ஃபேன நிறுத்துறோம். மருந்து காயணும்னு இன்னும் ரெண்டு நாள் போட விடறதில்ல. மூணு நாள் இலை ஆடாம நிக்குது. சாகாம தப்பிச்ச புழுவுக்கெல்லாம் விருந்து. பத்து நாள் கழிச்சு, 'ஐயோ, புழு ஜாஸ்தியாயிடுச்சு, மருந்தடி'ங்கறாங்க. மறுபடி ஃபேன நிறுத்துறோம்."

யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் மேசையிலிருந்து முகத்தைத் திருப்பி இருமினார். அவர் இருமல் எங்கள் வீட்டில் ஒரு கடிகாரம் மாதிரி. காலையில் மாடியில் அது கேட்டால்தான் எனக்கு விடியும். இரண்டு வருடமாக, முதுகில் மருந்து டாங்க்கைக் கட்டிக்கொண்டு ஆறு குடிலுக்குள்ளும் நடக்கிறவர். வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லி மருத்துவர் இரண்டு முறை எழுதிக்கொடுத்தாயிற்று.

இப்போது தெரிகிறதா, அவளுக்கு இலை மேல் ஏன் அத்தனை அக்கறை என்று?

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஏனென்றால் அது முழு உண்மை இல்லை. புருஷன் இருமாமல் இருந்திருந்தாலும் அவள் அந்தக் கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாளாயிற்று.]

4

சரிசரியிடம் போய்ச் சொன்னாள்.

"சரி சரி. காத்து அடிக்கிற எடத்துல பூச்சி உக்காராதும்மா. அங்க குளுந்து கெடக்கும், ஈரம் காஞ்சிடும். அதுக்கும் இலை ஆடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்கள். நானாக இருந்தால் அவரை ஒரு கதையில் போட்டுப் பழி தீர்த்திருப்பேன். இவள் வீட்டுக்கு வந்து, "அக்கா, அவர் கேட்டது நல்ல கேள்வி" என்றாள்.

பண்ணையின் பின்பக்கம் பழைய சின்னக் குடில் ஒன்று உண்டு. விற்காத, கோணல்மாணலான கன்றுகளை அங்கே போட்டு வைப்பார்கள். மருந்து அங்கே போவதில்லை. அதில் முப்பது கன்றுகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே ஃபேன், ஒரே காற்று. ஒவ்வொரு கன்றிலும் ஓர் இலையை மட்டும் பக்கத்தில் ஊன்றிய குச்சியோடு தையல் நூலால் இறுக்கிக் கட்டினாள். காற்று அதன் மேலும் வீசும், அது ஆடாது. குளிர்ச்சியும் ஈரமும் எல்லா இலைக்கும் ஒன்றுதான், ஆட்டம் மட்டும்தான் வேறு.

கட்டிய இலைகளில்தான் கடி அதிகம்.

குதித்திருக்க வேண்டாமா? அவளுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. நூல் வழியாகப் புழு ஏறி வந்திருந்தால்? நானே ஏணி போட்டுக் கொடுத்திருந்தால்? மறுநாள் ஒவ்வொரு கன்றிலும் இன்னோர் இலைக்கும் நூல் கட்டினாள், ஆனால் தளர்வாக, இலை தாராளமாக ஆடும்படி. மூன்றாவது ஓர் இலையை நூலே இல்லாமல் விட்டாள். இறுக்கியது, தளர்த்தியது, சும்மா விட்டது. நூல்தான் ஏணி என்றால் தளர்ந்த நூலிலும் புழு ஏறும்.

பத்தாம் வகுப்போடு நின்றவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் யோசனையைத் தானே சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்துக்கு ஒரு நூல் கட்டி வைத்தாள். நான் என் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தைக்கூட இவ்வளவு நேர்மையாகச் சந்தேகப்பட்டதில்லை.

5

ஒரு மாலை கீழே இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. கடிச்சத எண்ணணும்."

"நீயே எண்ணேன்."

"நான் எண்ணக் கூடாது. எனக்கு இது சரியா வரணும்னு ஆசை இருக்கு. ஆசை இருக்கிற கண்ணு வேண்டியதத்தான் பாக்கும்."

"உன் வீட்டுக்காரரை எண்ணச் சொல்லு."

"அவருக்கு என்னைவிட ஆசை. நீங்கதான் சரி."

நான் உச்சி குளிர்ந்து போனேன். எழுத்தாளர், கூர்ந்து பார்க்கிறவள், பிழை திருத்துகிற கண். இவற்றையெல்லாம் அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"உங்களுக்கு என்னை அவ்வளவா பிடிக்காதில்ல," என்றாள். "அதான். என் பக்கம் சாய மாட்டீங்க."

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தேன்.

"நீங்க என்னை வெச்சு எழுதின கதையப் படிச்சேன்க்கா. ரெண்டு தடவை. அதுல ஒண்ணும் தப்பில்ல. நான் அடுத்தவங்க பேச்ச முடிச்சு வைக்கிறது, சட்டைப் பையில சாமான் வெச்சிருக்கிறது, எல்லாம் அப்படியே இருந்துச்சு. ஒண்ணையும் விடல நீங்க. அன்னைக்கே நினைச்சேன், எனக்கு ஏதாவது கறாரா பாக்கணும்னா இந்த அக்காகிட்டதான் போகணும்னு."

[இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன், நான் என்ன உணர்ந்தேன் என்று. பன்னிரண்டு வரி. எல்லாம் அழகான வரிகள். அடித்துவிட்டேன். ஒரே வரி போதும்: வெட்கமாக இருந்தது.]

"என்னைக்கு வரட்டும்?" என்றேன்.

6

வாரம் ஒரு நாள், அச்சக வேலை முடிந்ததும் பண்ணைக்குப் போவேன். பழைய குடிலை ஒட்டிய சாமான் அறையில் எனக்கு ஒரு மேசை. அவள் அந்த வாரத்துத் தொண்ணூறு இலைகளைக் காம்போடு நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, உறை மேல் ஓர் எண் மட்டும் எழுதி வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். எந்த எண் எந்த வகை என்பது அவள் நோட்டில் இருக்கும். நான் கேட்கக் கூடாது. இலை மேல் சின்னச் சின்னச் சதுரங்கள் போட்ட கண்ணாடித் தாளை வைத்து, புழு தின்ற இடம் எத்தனை சதுரம் என்று எண்ண வேண்டும். ஒரு சதுரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் ஒன்று, குறைவென்றால் கணக்கில்லை.

அச்சகத்தில் நான் விட்டுப்போன புள்ளியைத் தேடுபவள். இங்கே விட்டுப்போன இலையைத் தேடினேன். முதல் வாரம் கண் வலித்தது. இரண்டாம் வாரம் பிடித்துப்போனது.

எண்ணி முடித்ததும் குடிலுக்குள் போய்க் கொஞ்சம் நிற்பேன். ஒரு நாள் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு போய் ஒரே புழுவை ஐந்து நிமிடம் பார்த்தேன். ஏழு முறை தலையைத் தூக்கியது. ஒரே ஒரு முறை கடித்தது. அந்த இலை எதையும் 'செய்ய'வில்லை. முள் இல்லை, விஷம் இல்லை. காற்றுக்கு வளைந்து கொடுக்கிற ஒரு காம்பு, அவ்வளவுதான். வளைந்து கொடுப்பதை நான் எப்போதுமே தோல்வி என்றுதான் எழுதியிருக்கிறேன். அதை இங்கே விரித்து எழுத ஆசையாக இருக்கிறது. வேண்டாம். இலை இலையாகவே இருக்கட்டும்.

இரண்டு வார முடிவில் அவள் நோட்டைப் பார்த்துச் சொன்னாள். இறுக்கிக் கட்டிய இலைகளில் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு கடி. தளர்த்திக் கட்டியதும் சும்மா விட்டதும் கிட்டத்தட்ட ஒன்று. ஏணி இல்லை, ஆட்டம்தான்.

"ஆனா ரெண்டு வாரம் பத்தாதுக்கா" என்றாள்.

மூன்றாம் வாரம் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது.

சில இலைகளின் காம்பில் மெல்லிய தழும்பு. மயிரிழை அளவுக்கு ஒரு பள்ளம். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. இருபது வருடம் காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் நடுவே வாழ்ந்தவள் கண்ணில் பட்டது. இறுக்கிய நூல் விட்டுப்போன தடம். அதற்குப் பிறகு ஒவ்வோர் உறையைத் திறந்ததும் அது எந்த வகை என்று எனக்குத் தெரிந்தது.

அதை உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'தெரிந்தால் என்ன, நான் நேர்மையாகத்தானே எண்ணுகிறேன்' என்று நினைத்தேன்.

அந்த வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. அவளை எனக்குப் பிடித்துப்போனது. எண்ணி முடித்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். எந்த ஃபேன் எந்தச் சுருதியில் கத்தினால் என்ன கோளாறு என்று வாயாலேயே சத்தம் எழுப்பிக் காட்டுவாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மறுநாள் காலை மாடியில் இருமல் கேட்கும். அடுத்த வாரம் தழும்புள்ள ஓர் இலையில் சரியாகப் பாதிச் சதுரம் போயிருக்கும். ஒன்று என்று போடுவேன். தழும்பில்லாத இலையிலும் அதே பாதி போயிருக்கும். விட்டுவிடுவேன்.

பொய் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

7

இங்கே ஒரு பாத்திரத்தை நான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது: 'நான்' என்கிற பாத்திரத்தை. முதல் வரைவில் அவள் மனசாட்சி உறுத்தி, மழையில் நனைந்தபடி மாடிப்படி ஏறிப்போய், [எந்த மழையும் இல்லை. நல்ல வெயில்.]

நடந்தது இது. ஐந்தாம் வாரம் முடிந்த சனிக்கிழமை. திங்கட்கிழமை சரிசரியைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஆறு குடிலிலும் மருந்துப் புகையை நிறுத்தி, ஃபேனை நிறுத்தாமல் ஓட விட்டுப் பார்க்கலாமா என்று அன்றைக்கு முடிவாகும். ஓரகத்தி நோட்டோடு கீழே வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, மூணு மடங்கு! மொத ரெண்டு வாரம் ஒண்ணரைதான் இருந்துச்சு. இப்ப மூணு மடங்குக்கா! ஆறு குடிலும் கிடைச்சிரும். அவர் டாங்க்க எறக்கி வெச்சுரலாம்." நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் எண்ணியிருந்தா இத நம்பியிருக்கவே மாட்டேன். நீங்க எண்ணினதால நம்புறேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "உட்காரு" என்றேன். தழும்பைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எந்த வாரத்திலேருந்து?"

"மூணாவது."

தலையை மெல்ல ஆட்டினாள். "நானும் யோசிச்சேன், ஏன் திடீர்னு ஏறுதுன்னு. புழு பெருத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். நினைக்கணும்னு நினைச்சேன்." பிறகு என் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்று வாரப் பக்கங்களுக்கும் குறுக்கே, நான் அச்சகத்தில் போடுவது போலவே, கோடு போட்டாள்.

"யாருக்கும் தெரியாதே" என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன். "திங்கட்கிழமை முடியட்டும். தம்பி உடம்பு முக்கியமில்லையா? அப்புறமா வேற ஆளை வெச்சு எண்ணிக்கலாமே."

"அக்கா, மூணு மடங்குன்னு சொல்லி ஆறு குடில வாங்கிட்டு, அது ஒண்ணரையாத்தான் இருந்துச்சுன்னா? புழு தின்னுடும். 'அந்த ஃபேன்காரி பேச்சக் கேட்டோம் பாரு'ம்பாங்க. அப்புறம் யாரு சொன்னாலும் ஃபேன ஓடவிட மாட்டாங்க. இவரு திரும்ப டாங்க்க மாட்டுவாரு." எழுந்தாள். "அதுவும் இல்லாம, அது நிஜமில்லையேக்கா."

கடைசியில் சொன்னதை வாசலைத் தாண்டும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். பெரிதாக ஏதோ சொல்கிறோம் என்ற எண்ணம்கூட அவளுக்கு இல்லை.

8

திங்கட்கிழமை நானும் போனேன். கேட்டால் நான்தான் குற்றவாளி என்று சொல்வதற்காக. யாரும் கேட்கவில்லை, அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ரெண்டு வாரக் கணக்குதான் சார் நம்பலாம். மீதி மூணு வாரம் என் ஏற்பாட்டுல ஓட்டை" என்றாள்.

சரிசரி நோட்டைப் புரட்டினார். "ஓட்டைன்னு நீயே சொல்றியேம்மா."

"ஆமா சார்."

"அப்ப நான் எப்படி நம்புறது?"

"முழுசா நம்ப வேணாம் சார். ரெண்டு வாரம் நம்புற அளவுக்கு நம்புங்க."

அவர் நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். பிறகு முதன்முறையாக, ஒரே ஒரு "சரி" சொன்னார். "ஒரு குடில். நாலாம் நம்பர். ஆறு வாரம். மருந்து வேணாம், ஃபேன நிறுத்த வேணாம். கன்னு கெட்டுப்போச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

ஆறு கேட்கப் போன இடத்தில் ஒன்று. என் பாதிச் சதுரங்களால் போனவை மீதி ஐந்து. பண்ணை வாசலில் கொழுந்தனிடம் அதைச் சொன்னேன். அவர் டாங்க்கின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"விடுங்க அண்ணி. ஆறுக்கு அஞ்சு கம்மிதானே" என்றார். இருமினார். இருமி முடித்துவிட்டு, "அவளப் பாத்தீங்களா? இந்நேரம் கட்டுறதுக்கு நூல் தேட ஆரம்பிச்சிருப்பா" என்று சிரித்தார். அவர் முகத்தில் இருந்ததை என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை. என் கணவர் என்னை அப்படிப் பார்க்க நான் என்ன எழுத வேண்டும் என்று யோசித்தபடியே வீடு வந்தேன்.

அன்று மாலை அவள் என்னை வேலையிலிருந்து நீக்கினாள்.

"நீங்க இனிமே எண்ண வேணாம்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

"தழும்பு தெரியாம காம்ப நறுக்கிட்டுக் கொடேன். எண்ணிடறேன்."

"தழும்புக்காக இல்ல." சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு. இனி நீங்க சரிப்பட்டு வரமாட்டீங்க."

வாழ்க்கையில் என்னை யாரும் இப்படித் திட்டியதில்லை. இப்படிப் பாராட்டியதும் இல்லை.

"அப்ப யாரு எண்ணுவா?"

"சரிசரி சார்."

"அவரா? அவருக்கு இதில நம்பிக்கையே இல்லையே! வேணும்னே குறைச்சுப் போடுவாரு."

"போடட்டும்க்கா. அவரு பக்கம் சாஞ்சு எண்ணினதுக்கு அப்புறமும் வித்தியாசம் தெரிஞ்சா, அப்ப அது இருக்குன்னு அர்த்தம்."

9

ஆறு வாரம் ஆயிற்று. நான்காம் குடிலுக்குள் மருந்து போகவில்லை. அங்கேயும் அவள் வாராவாரம் இலைகளைக் கட்டி, நறுக்கி, உறையில் போட்டுக் கொடுத்தாள், சரிசரி எண்ணினார். கன்றுகள் உயிரோடு இருக்கின்றன. சில நன்றாகவே இருக்கின்றன, சில இல்லை. இதற்கு மேல் அவள் என்னை எழுத விடமாட்டாள். இந்த வரைவை வாசித்துவிட்டு இரண்டு இடங்களில் "அதிகம்" என்று ஓரத்தில் எழுதினாள். அதில் ஒன்று அவளைப் பற்றி நான் புகழ்ந்த இடம். இன்னொன்றும் அப்படித்தான்.

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் சரிசரி கண்ணாடியைக் கழற்றியபடி வெளியே வந்து, ஆறு குடிலிலும் ஃபேன் ஓடட்டும் என்கிறார். கொழுந்தன் டாங்க்கை இறக்கி வைக்கிறார். என் காலைகள் சத்தமில்லாமல் விடிகின்றன.

இன்னொன்றில் வித்தியாசம் எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரம் கண்டது தற்செயல். ஓரகத்தி நோட்டை மூடி, "சரி, அப்ப வேற எதோ" என்று சொல்லி, மறுபடி ஒரு கன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருகிறாள்.

இரண்டையும் நன்றாக எழுத எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. ஒன்றைக் கொஞ்சம் கூடுதலாக மெருகேற்றியிருக்கிறேன். எதை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இப்போது நடப்பதை மட்டும் எழுதுகிறேன். பகல் மூன்றரை மணி. சாமான் அறைக்கு வெளியே, சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே சரிசரி கடைசி வாரத்து உறைகளைத் திறந்துகொண்டிருக்கிறார். காகிதம் கிழியும் சத்தம், பிறகு நீண்ட மௌனம், பிறகு பென்சில். ஓரகத்தி கதவைப் பார்க்கவே இல்லை. மடியில் ஒரு ஃபேன் மோட்டாரைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன வந்தாலும் எழுதுவீங்களாக்கா?"

"எழுதுவேன்."

"இல்லேன்னு வந்தாலும்?"

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எழுதுவேன்" என்றேன்.

முடிவை உங்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்களே உள்ளே போய், மீதி உறைகளைத் திறந்து, சதுரங்களை எண்ணிச் சொல்லலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நிமிடம் என்ன எண் வரவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

நினைத்துவிட்டீர்கள், இல்லையா?

அப்படியென்றால் உங்களையும் உள்ளே விட முடியாது. மன்னிக்க வேண்டும். ஓரகத்தி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறாள். வாருங்கள், பெஞ்சில் இடமிருக்கிறது.